லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் தலை இடைவெளியும் பித்தளைத் தோட்டாக் கூடும்

தலை இடைவெளி என்பது துப்பாக்கிக் குழலின் பின்முனையில் அமர்ந்திருக்கும் தோட்டாவை முன்பக்கம் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும், பின்பக்கம் தாங்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையிலான தூரம். இதனை ஹெட்ஸ்பேஸ் என்ற ஆங்கிலப் பெயராலேயே துப்பாக்கிப் பழுதுநீக்குநர்கள் குறிப்பிடுகின்றனர். இந்தத் தூரத்தில் அனுமதிக்கப்படும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். ஆயினும் சுடுபவரின் பாதுகாப்பும், சுட்டபின் வெளிவரும் பித்தளைக் கூட்டின் ஆயுளும் அந்தக் கால் மில்லிமீட்டரைச் சார்ந்தே உள்ளன.

இந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் படையினரும் காவலர்களும் ஏந்திய .303 லீ-என்ஃபீல்டு, தலை இடைவெளியைப் புரிந்துகொள்வதற்கு ஏற்ற துப்பாக்கி. அதன் தளர்வான அளவு உற்பத்திப் பிழையால் வந்தது எனப் பலர் கருதுவதுண்டு. உண்மையில், தோட்டாக் கூடு ஒருமுறை மட்டுமே பயன்படும் என்ற கணக்கில் அத்தளர்வு திட்டமிட்டு ஏற்கப்பட்டது. அதே கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பிச் சுடும்போது அந்தக் கணக்கு பொருந்தாமல் போகிறது.

பித்தளைக் கூடு வந்த வரலாறு

1857-க்கு முன் இந்தியப் படையினர் பயன்படுத்தியவை காகிதத் தோட்டாக்கள். அவற்றின் காகிதத்தில் தடவிய கொழுப்பைப் பற்றி அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டமில் எழுந்த பேச்சு, பெருங்கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்றானது. 1860-களின் பிற்பகுதியில் ஸ்னைடர் துப்பாக்கி வந்தபோது, குண்டு, வெடிமருந்து, எரியூட்டி மூன்றும் ஒரே உலோக உறைக்குள் அமைந்தன. எட்வர்ட் பாக்சர் வடிவமைத்த அந்த உறை மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியிலும் முதலில் சுருள் பித்தளையே பயன்பட்டது. 1884-85 சூடான் போர்களில் அது அறைக்குள் ஒட்டிக்கொண்டு பெருந்தொல்லை தந்தபின், ஒரே துண்டாக இழுத்து உருவாக்கிய திடப் பித்தளைக் கூடு வழக்குக்கு வந்தது.

பிரிட்டன் 1888-ல் ஏற்ற .303 தோட்டாவின் கூடும் இவ்வகையே. ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட இந்தக் கலவை நன்கு நீளும். அழுத்தம் வந்தால் விரியும். அழுத்தம் நீங்கினால் சற்றே சுருங்கும். சுடும் கணத்தில் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடுகிறது. பின்னர் சுருங்கிக்கொள்வதால் எளிதாக வெளியே இழுக்க முடிகிறது. தலை இடைவெளி கூடிப்போனால் கெடுவதும் இந்த நீளும் தன்மையால்தான்.

இஷாப்பூர், கிர்க்கி, அருவங்காடு

.303 துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வேண்டியவற்றை இந்தியாவிலேயே செய்யும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இஷாப்பூரில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-ல் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. தோட்டாக்கள் டம்டமிலும், 1869-ல் புனேவுக்கு அருகில் கிர்க்கியில் நிறுவப்பட்ட ஆலையிலும் உருவாயின.

தமிழ்நாட்டின் பங்கு நீலகிரியில் இருந்தது. குன்னூருக்கு அருகிலுள்ள அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை இதே காலத்தில் தொடங்கப்பட்டது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கலந்து, நூடுல்ஸ் போல நீண்ட இழைகளாகப் பிழியப்பட்ட புகையில்லா மருந்து. முதல்வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. அது மிகுந்த வெப்பத்துடன் எரிந்து குழலை அரித்ததால், பின்வந்த வகையில் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

கார்டைட் இழைகளைக் கூட்டின் குறுகிய கழுத்து வழியே நுழைப்பது கடினம். எனவே ஆலையில் கூடு நேர்க்குழாயாக இருக்கும்போதே இழைக்கட்டை உள்ளே வைத்து, அதன் பிறகே கழுத்தைக் குறுக்கினர். சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து நிரப்பும் எண்ணம் இந்தத் தோட்டாவின் வடிவமைப்பில் இல்லை என்பதற்கு இதுவே முதல் சான்று.

விளிம்பில் நிற்கும் தோட்டா

.303 கூட்டின் அடியில் தட்டு போன்ற ஒரு விளிம்பு புடைத்திருக்கும். தோட்டாவை அறைக்குள் தள்ளினால் இந்த விளிம்பு குழலின் பின்முகத்தில் முட்டி நிற்கும். தாழ்ப்பாள்போல முன்னும் பின்னும் இயங்கும் போல்ட், விளிம்பின் பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும். ஆகவே குழலின் பின்முகத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடைப்பட்ட தூரமே .303-இன் தலை இடைவெளி. விளிம்பு தங்குவதற்குத் தேவையான இடமும், அதற்குமேல் உள்ள சிறு தளர்வும் இதில் அடங்கும்.

விளிம்பின் உச்சத் தடிப்பு 0.064 அங்குலம், அதாவது சுமார் 1.63 மி.மீ. பிரிட்டிஷ் இராணுவ அளவீட்டின்படி துப்பாக்கியின் தலை இடைவெளி 0.064 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.074 அங்குலத்தை எட்டவும் கூடாது. இந்த இரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள 0.010 அங்குலமே மேலே சொன்ன கால் மில்லிமீட்டர்.

இங்கு இரண்டு சொற்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். தலை இடைவெளி துப்பாக்கியின் அளவு. தலைத் தளர்வு என்பது, குறிப்பிட்ட ஒரு தோட்டா அந்தத் துப்பாக்கியில் அமரும்போது உண்மையில் மிஞ்சும் வெற்றிடம். துப்பாக்கியின் அளவு 0.072 அங்குலமாகவும் தோட்டா விளிம்பின் தடிப்பு 0.062 அங்குலமாகவும் இருந்தால், தளர்வு 0.010 அங்குலம். அதே துப்பாக்கியில் 0.058 அங்குல விளிம்புள்ள தோட்டாவை இட்டால் தளர்வு 0.014 அங்குலமாகிவிடும். துப்பாக்கி சோதனையில் தேறியிருந்தாலும், மெல்லிய விளிம்புள்ள கூடுகள் அதில் விரைவில் பழுதாவதற்கு இதுவே காரணம்.

படைத்துறை ஏன் தளர்வை ஏற்றது

முதல் உலகப் போர் இதற்கான விடையைத் தந்தது. கனடியப் படையினர் கொண்டுவந்த ராஸ் துப்பாக்கி இலக்குச் சுடுதலில் பெயர்பெற்றது. அதன் தோட்டா அறை இறுக்கமானது. அதுவும் .303 தோட்டாவையே சுடும் என்றாலும், போர்க்கால அவசரத்தில் பல பிரிட்டிஷ் ஆலைகளில் பெருமளவில் செய்யப்பட்ட தோட்டாக்களின் அளவு ஒரே சீராக இல்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில், சேற்றுக்கும் நச்சுவாயுவுக்கும் நடுவே, ராஸ் துப்பாக்கிகளின் போல்ட் இறுகி நின்றது. அதைத் திறக்கப் படைவீரர்கள் காலால் உதைக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களின் லீ-என்ஃபீல்டுகளைப் பலர் எடுத்துக்கொண்டனர். 1916-க்குள் கனடியக் காலாட்படை ராஸைக் கைவிட்டது.

லீ-என்ஃபீல்டின் அறை அகலமானது. மண் ஒட்டிய தோட்டா, சற்றே பருத்த தோட்டா, வெவ்வேறு நாட்டு ஆலைகளில் உருவான தோட்டா அனைத்தையும் அது ஏற்றுக்கொண்டது. சுட்டபின் கூடு தோள்பகுதியில் கண்ணுக்குத் தெரியுமளவு வீங்கி வெளிவந்தது. படைக்கு அது ஒரு பொருட்டில்லை. அந்தக் கூடு மறுபடி சுடப்படப் போவதில்லை. துப்பாக்கி நின்றுபோனால் உயிர் போகும். கூடு வீங்கினால் பழைய பித்தளைக்குத்தான் போகும். தளர்வு இந்தக் கணக்கில் ஏற்கப்பட்டது.

இன்னொரு காரணமும் கூட்டின் நீட்சியை மிகுதியாக்கியது. பெரும்பாலான போல்ட் துப்பாக்கிகளில் பூட்டும் பற்கள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவை ஒட்டி இருக்கும். லீ-என்ஃபீல்டில் அவை பின்பக்கம் உள்ளன. போல்ட்டை விரைவாக இயக்குவதற்கு இது வசதி. ஆனால் வெடிக்கும் கணத்தில் போல்ட்டின் நெடுகிலும் அழுத்தம் பரவுவதால், போல்ட்டும் அதைத் தாங்கும் உடற்பகுதியும் நுண்ணிய அளவில் வளைந்து கொடுத்து மீள்கின்றன. அந்தக் கணத்தில் மட்டும் தலை இடைவெளி இன்னும் சற்றுக் கூடுகிறது.

அளவி கொண்டு சோதித்தல்

தலை இடைவெளியைப் பார்வையால் அறிய முடியாது. அதற்கெனக் கடினப்படுத்திய எஃகில் நுட்பமாகக் கடைந்த அளவிகள் உண்டு. பட்டறைகளில் அவற்றைக் கேஜ் என்பர். இந்தியப் படைகளில் இப்பணி ஆர்மரர் எனப்படும் ஆயுதப் பழுதுநீக்குநருடையது.

துப்பாக்கி காலியாக இருப்பது உறுதிசெய்யப்பட்ட பின், அறையும் போல்ட் முகமும் துடைக்கப்படும். எண்ணெய்ப் பிசுக்கோ மணல் துகளோ இருந்தால் அளவு பொய்யாகும். தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியும் சுடும் ஊசியின் வில்விசையும் தடையாக இல்லாதவாறு நீக்கப்படும். முதலில் 0.064 அங்குல அளவி அறையில் வைக்கப்படும். போல்ட் அதன்மீது தடையின்றி மூட வேண்டும். மூடாவிட்டால் இடைவெளி போதாது. அடுத்து 0.074 அங்குல அளவி. இதன்மீது போல்ட் மூடக்கூடாது. மூடினால் இடைவெளி மிகுந்துவிட்டது. இரண்டு சோதனைகளிலும் கைப்பிடியை விரல் நுனியால் மட்டுமே அழுத்த வேண்டும். போல்ட்டின் நெம்புவிசை பெரிது; பலங்கொண்டு அழுத்தினால் தேறாத துப்பாக்கியும் தேறியதாகத் தோன்றும்; அளவியும் கெடும்.

லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனித்துண்டு, திருகிக் கழற்றலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் 4-ஆம் எண் துப்பாக்கிக்கு 0, 1, 2, 3 என எண்ணிடப்பட்ட நான்கு நீளங்களில் தலைகள் செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே நீளமானது. இடைவெளி கூடிய துப்பாக்கிக்கு அடுத்த எண்ணின் தலையைப் பொருத்தினால் அளவு திரும்பிவிடும். பிரிட்டன் 4-ஆம் எண்ணுக்கு மாறிய பின்னும் இஷாப்பூர் தொடர்ந்து செய்துவந்தது பழைய 1-ஆம் எண் மார்க் 3 வகை. அதன் தலைகளுக்கு இவ்வாறான எண் வரிசை இல்லை. ஆர்மரர் பல தலைகளைப் பொருத்திப் பார்த்தே சரியானதைத் தேர்ந்தெடுத்தார்.

போல்ட்டின் கைப்பிடியில் பொறிக்கப்பட்ட எண்ணும் துப்பாக்கி உடலின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இங்குதான் விளங்கும். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து இன்னொன்றில் இட்டால் அது பெரும்பாலும் மூடும், சுடவும் செய்யும். ஆனால் தலை இடைவெளி என்னவாயிற்று என்பது அளவி வைத்துப் பார்க்கும்வரை தெரியாது. துடைக்கும்போது போல்ட்டுகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இதனால் வந்தது.

சுடும் கணத்தில் கூட்டுக்கு நேர்வது

விசையை இழுத்ததும் சுடும் ஊசி எரியூட்டியைக் குத்தி, தோட்டாவையும் சேர்த்து முன்னுக்குத் தள்ளுகிறது. விளிம்பு குழலின் முகத்தில் முட்டுகிறது. தளர்வு முழுவதும் இப்போது கூட்டின் பின்னால் சேர்ந்துவிடுகிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறுகிறது. கூட்டின் முன்பகுதிச் சுவர் மெல்லியது. அது முதலில் விரிந்து அறைச்சுவரைப் பற்றிக்கொள்கிறது. அடிப்பகுதி தடித்த திடப் பித்தளை, அது விரிவதில்லை. அழுத்தம் அடியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முன்பகுதி அசையாமல் நிற்க, அடி மட்டும் போல்ட் முகத்தில் போய் முட்டும்வரை நகர்கிறது.

இந்த நகர்வுக்கு வேண்டிய பித்தளை எங்கிருந்து வரும்? தடித்த அடியும் மெல்லிய சுவரும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுவர் நீள்கிறது. நீண்ட அளவுக்கு மெலிகிறது. வெளியே அந்த இடத்தில் பளிச்சென்ற மெல்லிய வளையம் ஒன்று தென்படும். உள்ளே அதற்கு நேராக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தளர்வு மிக அதிகமானால் முதல் முறையிலேயே கூடு அந்த இடத்தில் இரண்டாக முறியும். அடிப்பகுதி வெளியே வரும். முன்பகுதி அறைக்குள் தங்கிவிடும். அடுத்த தோட்டா உள்ளே போகாது. முறிவின் வழியே கசியும் சூடான வாயு போல்ட்டை ஒட்டிப் பின்னோக்கிப் பாய்ந்து, சுடுபவரின் கண்ணையும் கையையும் காயப்படுத்தலாம்.

இதே .303 தோட்டாவைச் சுட்ட விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியில் இந்தக் கோளாறு எதிர்பார்க்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. அறையில் சிக்கிய கூட்டின் முன்பகுதியை இழுத்தெடுக்கத் தனிக் கருவி குழுவினரிடம் கொடுக்கப்பட்டது. மெல்லிய வளையங்களைச் சேர்த்தும் நீக்கியும் தலை இடைவெளியைச் சரிசெய்வது அவர்களது பயிற்சியின் ஒரு பகுதி.

எண்ணெயும் மழைநீரும் இதில் சேர்ந்துகொள்வதுண்டு. ஈரமான கூடு அறைச்சுவரைச் சரியாகப் பற்றாது. அழுத்தம் முழுவதும் போல்ட்டின்மீது இறங்கும். பிரிட்டிஷ் சோதனைக்கூடங்களில் துப்பாக்கியின் வலிமையைக் கடுமையாகச் சோதிக்க எண்ணெய் தடவிய தோட்டாவைச் சுட்டதும் இதனால்தான். அறையைத் துடைத்து உலர்த்திய பின்னரே சுட வேண்டும் என்பது மழைமிகு நாடுகளில் வெறும் ஒழுங்குமுறை அன்று.

மீண்டும் நிரப்பும்போது

சுட்ட கூட்டில் புதிய எரியூட்டி, மருந்து, குண்டு இட்டு மறுபடி பயன்படுத்துவது மறுநிரப்பு எனப்படும். உரிமம் அனுமதிக்கும் நாடுகளில் இலக்குச் சுடுவோர் இதைப் பரவலாகச் செய்கின்றனர். தோட்டாவின் விலையில் பெரும்பங்கு கூட்டினுடையது. அதைப் பலமுறை பயன்படுத்தினால் செலவு குறையும்.

வீங்கிய கூட்டை அச்சில் அழுத்தி முதல் அளவுக்குக் கொண்டுவருவது வழக்கமான முறை. இதில் கூட்டின் தோள் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடுத்த முறை சுடும்போது அதே வளையத்தில் சுவர் மறுபடியும் நீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் ஆழமாகிறது. தலை இடைவெளி இறுக்கமான துப்பாக்கியில் பத்து முறைக்கு மேல் தாங்கும் கூடு, தளர்ந்த லீ-என்ஃபீல்டில் நான்கைந்து முறைக்குள் முறிந்துவிடக்கூடும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டின் வாய்வழியே விட்டு உட்சுவரைத் தடவினால், பள்ளத்தில் அது தட்டுப்படும். அந்தக் கூட்டை நசுக்கி ஒதுக்குவது விதி.

கூட்டின் ஆயுளை நீட்டும் வழியும் இந்த விளக்கத்திலேயே உள்ளது. ஒருமுறை சுட்ட கூடு அந்தத் துப்பாக்கியின் அறை வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. கழுத்தை மட்டும் குறுக்கி, தோளைத் தொடாமல் விட்டால், அடுத்த முறை தோளே அறையின் தோளில் முட்டித் தோட்டாவை நிறுத்தும். விளிம்பின் பின்னாலுள்ள தளர்வு அப்போது செயலற்றுப் போகிறது. இதற்கு ஒரே கட்டுப்பாடு, ஒரு துப்பாக்கியில் சுட்ட கூட்டை அதே துப்பாக்கியில்தான் பயன்படுத்த வேண்டும். இம்முறை கூட்டைத்தான் காப்பாற்றும். சோதனையில் தேறாத துப்பாக்கியைப் பாதுகாப்பானதாக்காது.

இராணுவக் .303 கூடுகளில் மேலும் இரண்டு தடைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பெர்டான் வகை. எரியூட்டி மோதும் பட்டடை கூட்டின் அடியிலேயே வார்க்கப்பட்டு, பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். பழைய எரியூட்டியை நடுவிலிருந்து குத்தி வெளியேற்ற முடியாது. மேலும், பழைய எரியூட்டிகளில் பாதரசச் சேர்மம் இருந்தது. சுடும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். வெளித்தோற்றத்தில் குறையில்லாத கூடும் உள்ளுக்குள் வலுவிழந்திருக்கும். வியப்பாக, மறுநிரப்புக்கு எளிதான பாக்சர் எரியூட்டி பிரிட்டனில் தோன்றி அமெரிக்காவில் நிலைத்தது; பெர்டான் எரியூட்டி அமெரிக்காவில் தோன்றி ஐரோப்பியப் படைகளில் நிலைத்தது.

மழைக்கால விரிசல்

கூட்டில் காணும் எல்லா விரிசலும் தலை இடைவெளியால் வருவதில்லை. இதைத் தெளிவாக்கிய கண்டுபிடிப்பு இந்திய அனுபவத்திலிருந்து பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும். அப்போது தோட்டாக்கள் குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்டன. மழை முடிந்து எடுத்துப் பார்த்தபோது, சுடப்படாத தோட்டாக்களிலேயே விரிசல் விழுந்திருந்தது. குறிப்பாகக் குண்டைக் கவ்விய கழுத்துப் பகுதியில். பருவத்தோடு வந்ததால் இதற்குப் பருவ விரிசல் என்ற பெயர் ஏற்பட்டது.

மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-ல் வெளியிட்ட ஆய்வு காரணத்தை விளக்கியது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரக்காற்றில் பித்தளையைத் தாக்குகிறது. குளிர்நிலையில் இழுத்து உருவாக்கப்பட்ட கூட்டில் உள்ளழுத்தம் தங்கியிருக்கிறது. இவ்விரண்டும் சேரும்போது படிக இடைவெளிகள் வழியே விரிசல் ஓடுகிறது. கூட்டை மிதமாகச் சூடாக்கி உள்ளழுத்தத்தைத் தளர்த்தினால் இது தடுக்கப்படும். உலோகவியல் பாடங்களில் அழுத்த அரிப்பு விரிசலுக்கு இன்றும் சொல்லப்படும் முதன்மை எடுத்துக்காட்டு இதுவே.

இரண்டு விரிசல்களையும் திசையைக் கொண்டு பிரித்தறியலாம். பருவ விரிசல் கழுத்தில் நெடுக்காக ஓடும். தலை இடைவெளியால் வரும் விரிசல் அடிக்கு மேலே வளையமாகச் சுற்றும். முன்னதற்குச் சேமிப்பும் உற்பத்தி முறையும் பொறுப்பு. பின்னதற்குத் துப்பாக்கியின் அளவு பொறுப்பு. பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் துலக்குவது நம் வீடுகளில் வழக்கம். தோட்டாக் கூட்டை அமோனியா கலந்த மெருகுத் திரவங்களால் துலக்கக்கூடாது என்ற எச்சரிக்கை 1921 ஆய்வின் நேரடித் தொடர்ச்சி.

.410, .315: ஆட்சி வகுத்த அளவுகள்

படைத்துறைத் தோட்டா பொதுமக்கள் கையில் சேரக்கூடாது என்பது காலனி ஆட்சியின் கொள்கை. அதன் தடம் பித்தளையிலும் பதிந்தது. முதல் உலகப் போருக்குப் பின், பழைய .303 துப்பாக்கிகள் பல .410 அளவுள்ள, புரியற்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளாக இஷாப்பூரில் மாற்றப்பட்டன. அவை காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் தரப்பட்டன. அவற்றின் தோட்டாக் கூடு வேறொன்றுமில்லை, கழுத்து குறுக்கப்படாத.303 கூடுதான். விளிம்பும் தலை இடைவெளியும் அப்படியே இருக்க, தொலைவும் துல்லியமும் மட்டும் குறைக்கப்பட்டன.

பொதுமக்களின் வேட்டைத் துப்பாக்கிக்கு .315 என்ற தனி அளவு நிலைபெற்றது. ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்த இதுவும் விளிம்புள்ளதே. இஷாப்பூர் இதற்கெனச் செய்த துப்பாக்கி லீ-என்ஃபீல்டின் அமைப்பையே பின்பற்றியது. விடுதலைக்குப் பிறகும் .303 தடைசெய்யப்பட்ட அளவாகத் தொடர, உரிமம் பெற்ற உழவர்களும் தோட்ட உரிமையாளர்களும் .315-ஐ வைத்துக்கொண்டனர்.

விளிம்பிலிருந்து தோளுக்கு

1962 சீனப் போரில் இந்தியக் காலாட்படையின் முதன்மை ஆயுதம் .303 ஆகவே இருந்தது. அதன்பின் தானியங்கி ஏற்றம் கொண்ட 7.62 மி.மீ. துப்பாக்கி படிப்படியாக வந்தது. இடைக்காலத் தேவைக்காக இஷாப்பூர், லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே மேம்பட்ட எஃகைக் கொண்டு 7.62 மி.மீ. தோட்டாவைச் சுடும் 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகளை 1960-களில் உருவாக்கியது. இவற்றின் தோட்டாப்பெட்டி 12 தோட்டாக்கள் கொண்டது.

7.62 மி.மீ. தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு இல்லை. அதனை அறைக்குள் நிறுத்துவது கூட்டின் தோள். எனவே தலை இடைவெளி இங்கு விளிம்பின் தடிப்பாக அளக்கப்படுவதில்லை. போல்ட் முகத்திலிருந்து தோள் சரிவில் 0.400 அங்குல விட்டமுள்ள இடம் வரையிலான தூரமாக அளக்கப்படுகிறது. இதே அளவுடைய வணிகத் தோட்டாவான .308 வின்செஸ்டருக்கு இத்தூரம் 1.630 அங்குலத்தில் தொடங்குகிறது, 1.638 அங்குல அளவியின்மீது போல்ட் மூடினால் துப்பாக்கி விலக்கப்படுகிறது. இராணுவ அறைகள் இதைவிடத் தளர்ந்தவை. வெளித்தோற்றத்தில் ஒரே குடும்பமாகத் தெரியும் .303-உம் 2ஏ1-உம் அளவியைப் பொறுத்தவரை இரு வேறு இனங்கள். ஒன்றின் அளவி மற்றொன்றுக்குப் பயன்படாது.

1966-ல் திருச்சிராப்பள்ளியில் சிறு ஆயுதத் தொழிற்சாலை அமைந்தபோது தமிழ்நாடும் துப்பாக்கி உற்பத்தியில் நேரடியாகச் சேர்ந்தது. அங்கு பின்னாளில் உருவான இன்சாஸ், திருச்சி அசால்ட் ரைஃபிள் ஆகியவை விளிம்பில்லாத் தோட்டாவைச் சுடுபவை. அவற்றில் தலை இடைவெளி தோளிலேயே அளக்கப்படுகிறது.

செங்கல்பட்டு வட்டாரத்தில்

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி ஓசை புதிதன்று. அனுமந்தபுரத்தில் சுடுபயிற்சித் தளமும், ஒத்திவாக்கத்தில் தமிழ்நாடு காவல்துறையின் சுடுதளமும் உள்ளன. சாலையின் வடமுனையில் பரங்கிமலை, பிரிட்டிஷ் காலத்தில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. இன்று அங்கு இராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கழகம் உள்ளது.

இவ்வட்டாரக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையில் சேர்ந்த மாணவர் பலருக்கு லீ-என்ஃபீல்டோடு நேரடி அறிமுகம் இருக்கும். அணிவகுப்பில் தோளில் ஏந்தும் டி.பி. துப்பாக்கி பெரும்பாலும் பழைய .303 தான். சுடுவதற்குத் தகுதியிழந்து, பயிற்சிக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டவை இவை. குழல் தேய்வும், போல்ட் மாற்றிப் பொருத்தப்பட்டிருப்பதும், சரிசெய்ய இயலாத தலை இடைவெளியும் ஒரு துப்பாக்கி இந்நிலைக்கு வருவதற்குரிய காரணங்கள். சுடுதளத்தில் மாணவர் சுடுவது .22 துப்பாக்கியில். அதன் எரியூட்டி விளிம்புக்குள்ளேயே பரவியிருப்பதால் அந்தக் கூட்டை மறுநிரப்பு செய்ய இயலாது. ஆயினும் சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, எண்ணிக் கணக்கு ஒப்படைத்த பின்னரே அணி கலைகிறது.

இந்த எண்ணிக்கைக்குச் சட்ட அடிப்படை உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், தோட்டா செய்யும் இயந்திரங்களையும் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும், மாற்றியமைப்பதும் குற்றம். ஆகவே மறுநிரப்பு இந்தியாவில் வீட்டுப் பட்டறையில் செய்யத்தக்க பொழுதுபோக்கு அன்று. சுடுதளங்களை ஒட்டிய ஊர்களில் பித்தளைக்காகவும் ஈயத்துக்காகவும் தளத்துக்குள் நுழைந்து பொறுக்குவது இதைவிடக் கொடிய ஆபத்து. மண்ணில் புதைந்திருக்கும் வெடிக்காத குண்டு, காலிக் கூடுபோல அமைதியாகவே கிடக்கும்.

முடிவாக

உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில் .303 துப்பாக்கிக்கு முறைப்படி விடைகொடுத்தது. பிற மாநிலங்களிலும் அது பெரும்பாலும் கிடங்குக்கும் அணிவகுப்புக்கும் ஒதுங்கிவிட்டது. அதன் தலை இடைவெளியை நல்லது என்றோ கெட்டது என்றோ தனியே மதிப்பிட இயலாது. சேற்றில் நின்று ஒருமுறை சுடும் படைவீரருக்கு அந்தத் தளர்வு காப்பாக இருந்தது. அதே கூட்டை ஐந்தாம் முறை நிரப்பும் இலக்காளருக்கு அது கேடாகிறது. ஓர் அளவு எந்தப் பயன்பாட்டுக்காக வகுக்கப்பட்டது என்பதை அறியாமல் அதை வேறொரு பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்லும்போது விபத்து நேர்கிறது. அடிக்கு மேலே பளிச்சிடும் அந்த மெல்லிய வளையம், பித்தளை முன்கூட்டியே தரும் எச்சரிக்கை.